பதினொரு படிகளும் ஒரு பதிலாளும்

வெஸ்டர்வீல், 12 செப்டம்பர் 1988

வெஸ்டர்வீல் நீர் வாரியத்தின் கரைத்தலைவர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய அம்மையீர்,

நேற்று முன்தினம் தொலைபேசியை என் காதில் அறைந்து வைப்பதற்கு முன்னால் தாங்கள் "இனி எதுவானாலும் எழுத்தில் வரட்டும்" என்று சொன்னீர்கள். எழுத்தில் வருகிறேன். தங்கள் கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும்படி நேல்ச்சே சொன்னாள். விசாரித்தாயிற்று.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கோப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன். என் மனைவி நேல்ச்சே ஜூலையில் பக்கவாதத்தில் விழுந்தாள். வாய் பழையபடி வேலை செய்கிறது. இடது காலும் கையும் இன்னும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நவம்பர் முதல் தேதி மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீடோ வெள்ளத் தடுப்புக் கரையின் சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து வாசலுக்குப் பதினொரு படிகள். சக்கர நாற்காலிக்குப் படியேறத் தெரியாது. சாய்தளம் ஒன்று போடாவிட்டால் அவளைப் பராமரிப்பு இல்லத்துக்குத் தற்காலிகமாக அனுப்புவார்களாம். அந்த இல்லத்துக்குத் தற்காலிகமாகப் போனவர் எவரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

சாய்தளம் போடக் கரையை வெட்ட வேண்டும். கரையை வெட்டக் கரைத்தலைவரின் அனுமதி வேண்டும். அக்டோபர் பதினைந்து முதல் ஏப்ரல் பதினைந்து வரை புயல்காலம். கரையில் ஒரு தேக்கரண்டி மண்கூட எடுக்கக் கூடாது. மீதி இருப்பது முப்பத்து மூன்று நாட்கள்.

இப்போது நம் பதிலாள் விதிகளுக்கு வருவோம். தலைவர் ஊரில் இல்லாதபோது முதல் பதிலாள் நான். ஐந்தாம் விதிப்படி என் சொந்த மனுவை நான் தொடக் கூடாது, சரி. எனக்குப் பதில் இரண்டாம் உறுப்பினர் கெர்பென். அவர் ஏப்ரலில் மகளோடு வாழக் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் இடம் நிரம்பும்வரை அவர் வேலைகளைப் பார்க்க வேண்டியவர், விதிப்படி, நான். ஆக இன்றைய தேதியில் இந்த வாரியத்தில் நான்தான் எல்லோரும். நான் ஒருவன் மட்டும்தான் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆகவே தாங்கள் படுத்த இடத்திலிருந்தே ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பவும். உடைந்தது கால்தான்.

தங்கள் பணிவுள்ள,
கிரைன் போகார்ட்,
கரைத்தலைவர் (பதில்)


லிம்பர்க், அக்கா வீடு, 16 செப்டம்பர்

கிரைன்,

இன்னொரு முறை "அம்மையீர்" என்று எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். ஒன்றாம் வகுப்பில் உன் ஈரக் காலுறையை என் நாற்காலி முதுகில் காயப்போட்டவன் நீ. உனக்கு நான் ஆலிடா.

கால் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இந்த நாட்டிலேயே உயரமான மேட்டின் உச்சியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன். ஒரு கல்லும் ஓர் ஐஸ்கிரீம் கடையும் இருக்கின்றன. இறங்கும்போது விழுந்தேன். கடல் மட்டத்துக்குக் கீழே பிறந்தவளுக்கு இது தேவையா என்று நீ கேட்பதற்குள் அக்காவே கேட்டுவிட்டாள். தினமும் இரண்டு வேளை கேட்கிறாள். நவம்பர் நடுப்பகுதி வரை நகரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கையெழுத்து? ஆறாம் விதியை மறந்துவிட்டாயா? ஊரில் இல்லாத தலைவர், நேரில் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "வந்துவிட்டேன்" என்று செயலரிடம் பதிவு செய்யும்வரை எதிலும் கையெழுத்துப் போட முடியாது. ஏன் அப்படி ஒரு விதி வைத்தோம்? பழைய தலைவர் ஸ்பெயின் கடற்கரையில் படுத்துக்கொண்டு மதகைத் திறக்கச் சொல்லித் தந்தி அடித்தார்; இங்கே அவருடைய பதிலாள் மூடச் சொன்னார். மதகுக்காரர் மூன்று நாள் காலையில் திறந்து மாலையில் மூடினார். முட்டைக்கோசு வயல் முழுக்க ஏரி.

ஆறாம் விதி என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். கெர்பென் வேலையையும் உனக்கே தரும் விதியை எழுதியவர் யார்? "எதுக்கு இன்னொரு ஆளு? நானே பாத்துக்கறேனே" என்று கூட்டத்தில் கையைத் தூக்கினவர் யார்?

இன்னொன்று. என் நாற்காலியின் உயரத்தை நீ குறைத்துவிட்டதாகச் செயலர் ஃபெம்மி எழுதியிருக்கிறாள். நேராகக் கேட்கிறேன். குறைத்தாயா?

ஆலிடா


வெஸ்டர்வீல், 21 செப்டம்பர்

ஆலிடா,

குறைத்தேன். என் கால் தரையில் படவில்லை. தலைவர் என்றால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் குறைத்தேன்.

உன் செயலர் ஃபெம்மியைப் பற்றிச் சொல்கிறேன், கேள். திங்கட்கிழமை மனுவை அவளிடம் கொடுத்தேன்.

"இத மேஜையில வைங்க, ஃபெம்மி."

"எந்த மேஜையில? உறுப்பினர் மேஜையா, தலைவர் மேஜையா?"

"தலைவர் மேஜை."

"அங்க நீங்கதான உக்காந்திருக்கீங்க. உங்க மனு உங்க முன்னாடி வரக் கூடாது."

"சரி, உறுப்பினர் மேஜை."

"அதுவும் நீங்கதான்."

"கெர்பென் மேஜை காலியாத்தான கிடக்கு?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போன புதன்கிழமை அந்த மேஜையில உக்காந்து வாத்துக் கூண்டு புகாருக்குப் பதில் எழுதினது யாரு?"

என் மனு இப்போது ஜன்னல் திட்டில், ஜெரேனியம் பூச்செடித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. அந்த இடம்தான் யாருடையதும் இல்லை என்று ஃபெம்மி தீர்மானித்தாள். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் எடுத்து நகர்த்துகிறாள்.

புதன்கிழமைக் கூட்டம் அதைவிட அழகு. மனு நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாக வந்தது. "சம்பந்தப்பட்டவர் வெளிய போகணும்" என்றாள். "நான் போயிட்டா உள்ள யாரு இருப்பா?" "அது அப்புறம். மொதல்ல போங்க." போனேன். நடைவழியில் கோட்டு மாட்டும் கொக்கிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழு நிமிடம் கழித்துக் கூப்பிட்டாள். நடவடிக்கைக் குறிப்பை அப்படியே எழுதுகிறேன்: "உறுப்பினர் போகார்ட் வெளியேறினார். விவாதிக்க எவரும் இல்லை. உறுப்பினர் போகார்ட் மீண்டும் வந்தார்." கீழே தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். நடந்தது அதுதானே.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போய் நேல்ச்சேயிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஐந்தாம் விதியை முழுக்கப் படித்தும் காட்டினேன். "ம்" என்றாள். பிறகு, "பிஸ்கட் கொண்டு வந்தியா?" என்றாள். அவளுக்கு எதிலும் பிடிப்பு விட்டுப்போகிறதோ என்று பயமாக இருக்கிறது, ஆலிடா. முன்பெல்லாம் நான் வாரிய விஷயம் பேசினால் சண்டையாவது போடுவாள்.

இருபத்து நான்கு நாட்கள்.

கிரைன்


லிம்பர்க், 25 செப்டம்பர்

கிரைன்,

நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்று. உன் காலுக்குக் கீழே புத்தகம் வைத்துக்கொள். சட்டத் தொகுப்பு போதும். வேறெதற்கும் நீ அதைத் திறப்பதில்லை.

ஃபெம்மி எல்லாவற்றுக்கும் எனக்குப் பிரதி அனுப்புகிறாள். இலையுதிர்கால வாய்க்கால் சோதனையை நீ நடத்தினாய் என்று பார்த்தேன். மேற்குப் பக்கத்துப் பால்பண்ணைக்காரருடைய வாய்க்காலுக்கு "நன்று" போட்டிருக்கிறாய். நன்றா? அந்த வாய்க்காலில் நாணல் என் இடுப்பு உயரம் நிற்கும். பன்னிரண்டு வருடமாக அந்த மனிதரை நான் ஒரு முறைகூட விட்டதில்லை. உனக்குச் சூடாக ஒரு கோப்பைப் பட்டாணி சூப் கொடுத்திருப்பார், நீ "நன்று" போட்டிருப்பாய். பதிலாள் என்றால் என் இடத்தில் நின்று நான் செய்வதைச் செய்பவர் என்று நினைத்திருந்தேன். என் இடத்தில் நின்று சூப் குடிப்பவர் என்று தெரியாது.

சரி. மாகாண அலுவலகத்துக்கு எழுது. நமக்கு மேலே இருப்பவர்கள் அவர்கள்தான். ஒரு தற்காலிகத் தலைவரை அவர்கள் நியமிக்கலாம். சுருக்கமாக எழுது. நகைச்சுவை வேண்டாம்.

ஆலிடா


வெஸ்டர்வீல், 3 அக்டோபர்

ஆலிடா,

சூப்பில் தொத்திறைச்சியும் இருந்தது. அதைப் பிறகு பேசுவோம்.

மாகாணத்துக்கு எழுதினேன். நகைச்சுவை இல்லாமல், பத்து வரி. எழுதி முடித்தபோது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. பதில் வந்துவிட்டது, அதுவும் ஐந்தே நாளில். நம் கவலையை அவர்கள் மிகுந்த கவனத்தோடு படித்தார்களாம். வாரியம் தன்னுடைய பதிலாள் விதிகளின்படியே நடக்க வேண்டுமாம். அந்த விதிகளில் இடைவெளி இருந்தால் வாரியம் விதிகளைத் திருத்தலாமாம். திருத்தத்துக்கு இரண்டு உறுப்பினர்களின் வாக்கு வேண்டும் என்பதையும் நினைவூட்டியிருக்கிறார்கள். மேலும் விவரங்களுக்குக் கரைத்தலைவரை அணுகவும் என்று முடித்திருக்கிறார்கள். அணுகினேன். கண்ணாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

ராஜினாமா செய்யலாம் என்று பார்த்தேன். நான் வெறும் குடிமகன் ஆகிவிட்டால் மாகாணத்துக்கு வேறு வழியில்லாமல் யாரையாவது நியமிக்க வேண்டி வரும். பதினெட்டு வருடம் உட்கார்ந்த இடம்; கடிதம் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன். ஃபெம்மி வாங்கிப் பார்த்தாள். "ராஜினாமாவ ஏத்துக்க வேண்டியது தலைவர்" என்றாள். "சொந்த ராஜினாமாவ நீங்களே ஏத்துக்கிட்டா அது ஐந்தாம் விதி." அதையும் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். ஜெரேனியம் நன்றாகப் பூக்கிறது.

போதும். மண்வெட்டியைத் தீட்டிவிட்டேன். வருகிற சனிக்கிழமை, எட்டாம் தேதி, காலையில் நானே வெட்டப் போகிறேன். பதினான்கு மீட்டர் நீளம், அரை மீட்டர் ஆழம். அனுமதியில்லாமல் கரையை வெட்டினவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியது கரைத்தலைவர்தானே? மிகவும் கண்டிப்பாக நடந்துகொள்வேன் என்று நம்புகிறேன்.

கிரைன்


லிம்பர்க், 5 அக்டோபர்

கிரைன்,

தோண்டாதே.

இதைக் கேலியாக எழுதவில்லை. ஐம்பத்து மூன்று வெள்ளத்தில் நம் கரை முதலில் எந்த இடத்தில் கசிந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோழிக்கூண்டுக்காக ஒருவர் இரண்டு சாண் வெட்டியிருந்தார். நல்ல மனிதர். தன் கரைதானே என்று நினைத்தார். நாம் இருவரும் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். இத்தனை வருடத்தில் இதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இப்போதும் பேச வேண்டாம். தோண்டாதே, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். இரண்டு தாளைக் கிழித்தேன். உன்னோடுதான் தொலைபேசியில் பேசுவதில்லை என்று சொன்னேன், நேல்ச்சேயோடு அல்ல. நேற்று மருத்துவமனைக்குக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம். அக்காவின் தொலைபேசிக்கு ஜுரம் வந்திருக்கும்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதமாட்டேன். நான் அவளுக்குப் பதிலாள் இல்லை. நீயும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது கணவன் மனைவி விவகாரம், எனக்கெதற்கு.

சனிக்கிழமை மண்வெட்டியைக் கொட்டகையில் வைத்துவிட்டு அவளைப் பார்க்கப் போ. விதி எதையும் கையில் எடுத்துப் போகாதே. அவளிடம் ஒரு கேள்வி கேள். என்ன கேள்வி என்றுகூட நான் சொல்லித்தர வேண்டுமென்றால் நீ அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியில்லாதவன்.

ஆலிடா


வெஸ்டர்வீல், 10 அக்டோபர்

ஆலிடா,

தோண்டவில்லை. போனேன்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நான் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்துவிட்டு, "காகிதம் எங்க? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

"நேல்ச்சே, உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

அவள் சுவரில் நாட்காட்டியைத் தேடினாள். "இன்னிக்கு என்ன தேதி?"

"எட்டு."

"நான் ஜூலையில விழுந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி." பிறகு ஆரம்பித்தாள். அவளுக்கு எதிலும் பிடிப்பு விட்டுப்போகவில்லை, ஆலிடா, அந்தக் கவலையை விட்டுவிடு. "அந்தப் படி எனக்கு எப்பவுமே பிடிக்காது. கால் நல்லா இருந்தப்பவே பிடிக்காது. உருளைக்கிழங்கு மூட்டையத் தூக்கிட்டு, மழையில வழுக்கி, ஐஸ் பிடிச்சா கைப்பிடியில தொங்கிட்டு. எங்கப்பா வீடுன்னு பொறுத்துக்கிட்டேன். நீ கரைக்காரன்னு பொறுத்துக்கிட்டேன். இப்ப படியேற வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்த ஒரு நல்லதையும் நீ மண்ணு வெட்டிக் கெடுக்கப் பாக்கற."

"சாய்தளம் உனக்காகத்தான்..."

"நான் கேட்டனா?"

நான் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மருத்துவமனைக்காரர் கேட்டிருந்தார். நான் கேட்டிருந்தேன். மனுவில் மனுதாரர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. வீடு அவளுடையது அல்லவா. பெயருக்கு மேலே "அவருக்காக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

மேஜை இழுப்பறையை வலது கையால் இழுத்து ஒரு படிவத்தை எடுத்தாள். ரொட்டிக்கடைக்குப் பின்னால் முதியவர்களுக்காகக் கட்டிய தரைத்தள வீடுகள் இருக்கின்றனவே, அதில் நான்காம் எண். தரைமட்டம், வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. ஆகஸ்டு பத்தொன்பதாம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டாள். நவம்பர் முதல் தேதியிலிருந்து அந்த வீடு அவளுக்குத்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் விதியப் படிச்சிட்டிருந்த. நடுவுல குறுக்கிட வேண்டாம்னு பாத்தேன்."

"அப்ப நான்? மேல தனியாவா இருக்கறது?"

"நான் மேல வரமாட்டேன், கிரைன். நீ எறங்கி வா."

படிவத்தை என் பக்கம் தள்ளினாள். குடியிருப்போர் இருவர் என்றால் இரண்டாவது ஆள் பெயர் எழுத ஒரு கோடு. அது காலியாக இருந்தது. "அத நான் எழுதல," என்றாள். "நீ வருவேன்னு நானா நெனச்சு எழுதறது சரியில்ல. வரணும்னா நீ எழுது." பேனாவையும் கொடுத்தாள்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். "யோசிக்கணும்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேருந்து ஏறி வந்துவிட்டேன். பதினொரு படியையும் ஏறி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதும் இங்கிருந்துதான். இந்த வாசலிலிருந்து பார்த்தால் வாய்க்கால், மதகு, நீர்மட்டக் கோல் எல்லாம் தெரியும். முப்பது வருடமாக எல்லாரையும் விட முதலில் தண்ணீரைப் பார்ப்பவன் நான். கீழே ரொட்டிக்கடை முதுகைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

கிரைன்


லிம்பர்க், 13 அக்டோபர்

கிரைன்,

யோசிக்கணுமா?

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை இங்கே எழுதினால் அஞ்சல்காரர் கடிதத்தைக் கொண்டு வரமாட்டார்.

தண்ணீரை முதலில் பார்ப்பது நீ இல்லை, மதகுக்காரர்தான். அதற்குத்தான் அவருக்கு அங்கே வீடே கொடுத்திருக்கிறோம். நீ இரண்டாவதாகப் பார்த்து, அவருக்குத் தொலைபேசி செய்து, அவருக்குத் தெரிந்ததையே சொல்கிறாய். அவர் எட்டு வருடமாக என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் மனம் நோகக் கூடாதென்று மறைத்து வைத்திருந்தேன். இனி மறைக்க முடியாது.

நான்காம் எண் வீடு நம் வாரிய எல்லைக்குள்தான் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்துவிட்டேன். உன் பதவிக்கு ஒன்றும் ஆகாது. ராஜினாமாவைத் தொட்டிக்கடியிலிருந்து எடுத்துக் கிழி. நீ இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

இரவல் புத்தியை நம்பி இந்த வாரியத்தை நடத்தியதில்லை, நீயும் நானும். ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கோடு எவ்வளவு நாள் காலியாக இருக்கும் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் பயந்தேன்.

ஆலிடா


நான்காம் எண், ரொட்டிக்கடைப் பின்தெரு, வெஸ்டர்வீல், 4 நவம்பர்

ஆலிடா,

முகவரியைப் பார்த்திருப்பாய்.

உன் கடிதம் வந்த அன்றே பேருந்து ஏறினேன். படிவத்தைக் கேட்டேன். பேனா மை கொட்டி என் பெயர் பாதி நீலக் குளமாகிவிட்டது. நேல்ச்சே பார்த்துவிட்டு, "போகார்டா இல்ல வாத்தா?" என்றாள். அலுவலகத்தில் எப்படியோ படித்துவிட்டார்கள்.

மனுவைத் திரும்பப் பெறப் போனேன். ஃபெம்மி மறுப்பாகத் தலையாட்டினாள். மனு திரும்பப் பெறப்படுவதை ஏற்க வேண்டியவர் கரைத்தலைவர். அந்தத் தலைவர் நான். ஐந்தாம் விதி. ஆக, யாருக்கும் வேண்டாத ஒரு சாய்தளத்துக்கான மனு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதை நான் தொடவும் முடியாது, கொல்லவும் முடியாது. சீக்கிரம் வா. வந்து நாற்காலியில் உட்கார்ந்து நிராகரி. உயரத்தை ஏற்றிவிட்டேன். பால்பண்ணைக்காரருடைய வாய்க்காலையும் மறுபடி பார்த்தேன். நாணல் என் மார்பளவு. "மோசம்" என்று மாற்றினேன். அன்றைக்குச் சூப் கிடைக்கவில்லை.

முதல் தேதி நேல்ச்சேயை அழைத்து வந்தோம். வாசலில் சக்கர நாற்காலி ஒரு முறைகூடத் தட்டாமல் உள்ளே உருண்டது. அவள் ரொட்டிக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினாள்.

நேற்றுக் காற்று அடித்தது, உனக்கும் வானொலியில் தெரிந்திருக்கும். மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் வழக்கம்போல் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். செங்கல் சுவர். அதில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. திரும்பி வந்தேன். மறுபடி எழுந்தேன். மூன்றாவது முறை எழுந்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி தெரியுதா?"

"இல்ல."

"அப்ப உக்காரு."

உட்கார்ந்தேன்.

கிரைன்